கல்லடுக்கிய மலை



இத்தாலி நாட்டின் வடமேற்குக் கடற்கரையில் ‘சிங்குவே தெர்ரே’ என்றொரு பகுதி உண்டு. ‘ஐந்து நிலங்கள்’ என்பது அப்பெயரின் பொருள். செங்குத்தான மலைக்கும் கடலுக்கும் இடையே அமைந்த ஐந்து சிற்றூர்களே அவை. அவற்றுள் ஒன்றான மனரோலாவுக்கு மேலே, திராட்சைத் தோட்டங்களின் ஊடே செல்லும் எளிய பாதையில் ஒருநாட் காலை நான் நடந்தேன்.

ஒருபுறம் நீலக்கடல், மறுபுறம் படிப்படியாக உயரும் தோட்டங்கள். ஆயினும் என் கண்ணைக் கவர்ந்தவை, அப்படிகளைத் தாங்கி நிற்கும் கற்சுவர்களே. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளாக உழவர்கள் சாந்தின்றிக் கல்லின்மேல் கல்லடுக்கி அவற்றை எழுப்பி வந்துள்ளனர். சாந்து இல்லாமையால் மழைநீர் கல்லிடுக்குகளின் வழியே கசிந்து வெளியேறுகிறது. சுவரும் நீரின் அழுத்தத்திற்கு உள்ளாகாது நிலைக்கிறது.

1870களில் இருப்புப்பாதை வந்தது. காலப்போக்கில் பலர் வேறு தொழில் நாடித் தோட்டங்களைக் கைவிட்டனர்; பேணுவாரின்றிச் சுவர்கள் பல சரிந்தன. 1997-இல் யுனெஸ்கோ இப்பகுதியை உலக மரபுச் செல்வமாக ஏற்றது. ஆயினும் 2011 அக்டோபர் 25-இல் பெய்த பெருமழையில் வெர்னாத்சா, மொந்தெரோஸ்ஸோ என்னும் ஊர்களுள் சேறும் கல்லும் புகுந்தன, உயிர்களும் மாண்டன. 2018-இல், சாந்தின்றிக் கல்லடுக்கும் கலையை, இத்தாலி உள்ளிட்ட எட்டு நாடுகளின் மரபாக யுனெஸ்கோ ஏற்றுக்கொண்டது.

திரும்பும் வழியில், முதியவர் ஒருவர் விழுந்த கல்லொன்றை எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்து, அதற்குரிய இடத்தில் வைத்தார். அரசர்தம் பெயர்களைக் கல்வெட்டுகள் காக்கின்றன. இம்மலையைக் காத்தவர்களின் பெயர் எக்கல்லிலும் இல்லை. கற்கள் மட்டும் நிற்கின்றன.