சாயவேரும் ஒரு கடிதமும்

இலண்டன் மாநகரத்து விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் பழங்கட்டில் ஒன்று உள்ளது. டேவிட் காரிக் என்னும் புகழ்மிக்க நடிகருடையது. அதன் திரைச்சீலைகள் மசூலிப்பட்டினத்தில் கையால் எழுதிச் சாயமேற்றப்பட்டவை. அவற்றை ஆங்கிலேயச் சுங்கத்தார் பறிமுதல் செய்ய, அவர் 1775-இல் மன்றாடிக் கடிதம் எழுதவேண்டியதாயிற்று.

ஒரு கட்டில் திரைக்கு இத்தனை அச்சம் ஏன்? சோழமண்டலக் கரையின் எழுத்துத் துணி ஐரோப்பியரின் படுக்கையையும் சுவரையும் கவர்ந்துவிட்டது. துவைத்தாலும் அதன் நிறம் போகவில்லை. உள்நாட்டு நெசவாளர் கொதித்தெழுந்தனர். பிரான்சு 1686-இல் தடை விதித்து, 1759 வரை நீடித்தது. இங்கிலாந்து 1700-இலும் 1721-இலும் சட்டமியற்றியது.

அந்நிறம் துணியின்மேல் பூசப்பட்டதன்று, துணிக்குள்ளேயே பிறந்தது. வெளுத்த துணியைக் கடுக்காய்ப் பொடியும் எருமைப்பாலும் கலந்த நீரில் தோய்த்து உலர்த்துவர். பாலின் கொழுப்பு, எழுதும் நீர் பரவாமல் காக்கும். இரும்புத் துருவும் வெல்லமும் ஊறிய நீரால் கோடிழுத்தால், கடுக்காயின் துவர்ப்போடு கூடிக் கருமையாகும். (கடுக்காய்ச் சாற்றில் அன்னபேதித் துணுக்கை இட்டு வகுப்பில் நான் காட்டியதுண்டு, பாடத்தைக் கவனியாத பிள்ளைகளும் எழுந்து நின்று பார்த்தார்கள்.) சிவப்பு வேண்டிய இடத்தில் படிகார நீரால் எழுதுவர். அதற்கு நிறமில்லை, ஆகவே கண்ணுக்குத் தெரியும்பொருட்டுப் பதங்கக் கட்டைச் சாற்றைச் சிறிது சேர்ப்பர். பின்னர்ச் சாயவேர் இட்ட நீரில் துணியைக் கொதிக்க வைப்பர். இம்பூறல் என்று நாம் வழங்கும் மணற்பாங்கான நிலத்துச் சிறு செடியின் வேர் அது. படிகாரம் பட்ட இடம் மட்டும் செக்கச் சிவந்து நிற்கும். மற்ற இடத்தின் கறை வெயிலிலும் சாணநீரிலும் வெளுத்துப்போகும். நீலத்திற்கோ, வேண்டாத பகுதியை மெழுகால் மூடி அவுரித் தொட்டியில் அமிழ்த்துவர்.

இந்த முறையைப் புதுவையில் இருந்த ஏசுசபைப் பாதிரியார் கேர்தூ, சாயத் தொழில் அறிந்த கிறித்தவர்களிடம் கேட்டறிந்து, 1742-இல் பிரான்சுக்கு நெடிய கடிதமாக எழுதினார். அது அச்சேறிப் பரவியது. எழுதியவர் பெயர் வரலாற்றில் நின்றது; தலைமுறை தலைமுறையாகக் கையால் கற்றதை வாய்திறந்து சொன்னவர்களின் பெயர் நிற்கவில்லை. அவர்கள்மேல் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. கேட்டவர் அவர்கள் மதித்த குரு அன்றோ?

அதன்பின் வேதியியலார் வந்தனர். சாயவேரில் உள்ள அலிசரின் என்னும் சிவப்பை 1868-இல் செருமானியர் செயற்கையாக ஆக்கினர். 1897-இல் செயற்கை அவுரியும் சந்தைக்கு வந்தது. எனினும் கோயில் விதானங்களும் தேர்த் தொம்பைகளும் எழுதும் கருப்பூர்க் கலம்காரி, 2021-இல் புவிசார் குறியீடு பெற்றது.

அருங்காட்சியகங்களில் அக்காலத் துணிகளைக் கண்டால் இலைகளை உற்றுப் பாருங்கள். பல நீலமாகவே இருக்கும். பச்சைக்காக நீலத்தின்மேல் தீட்டிய மஞ்சள், காலத்தில் மங்கிவிட்டது. அருகில் உள்ள பூ மட்டும் சாயவேரின் சிவப்போடு அன்றுபோலவே இருக்கிறது.