புள்ளலூரில் பறந்த வாணம்



தீபாவளி கிட்ட வந்தாலே பசங்க கேட்கிற கேள்வி ஒண்ணு இருக்கு: ராக்கெட் மட்டும் ஏன் மேலே போகுது, அணுகுண்டு ஏன் வெச்ச இடத்துலயே வெடிக்குது? இதுக்குப் பதில் தேடி சிவகாசி வரைக்கும் போக வேண்டாம். காஞ்சிபுரத்துக்கு வடக்கே இருக்கிற புள்ளலூர் கழனிவெளியிலேயே 1780-ல் ரெண்டுமே நடந்திருக்கு.

முதல்ல மருந்தைப் பார்ப்போம். பழைய கருமருந்தில் மூணே சாமான்தான்: வெடியுப்பு, கந்தகம், கரி. வெடியுப்பு நமக்குப் புதுசு இல்லை. 13-0-45 என்று பயிருக்குத் தெளிக்கிறோமே, அந்தப் பொட்டாசியம் நைட்ரேட்தான். அந்தக் காலத்தில் மாட்டுக்கொட்டகை மண்ணைக் கரைத்து, வடிகட்டி, காய்ச்சி எடுத்தார்கள். எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜன் இந்த உப்புக்குள்ளேயே இருக்கு. அதனால்தான் காத்துப் புகாத குழாய்க்குள்ளேயும் மருந்து எரியுது. பத்திக்கிட்ட மருந்தைச் சாக்குப் போட்டு மூடினால் அணையாது.

எரிஞ்ச மருந்து நொடியில் சூடான வாயுவாகி இடம் தேடும். ஒரு பக்கம் வாய் வைத்த குழாய் என்றால் வாயு கீழே சீறும், குழாய் மேலே போகும். பம்புசெட் போட்டதும் கையில் பிடிச்ச ஓஸ் பின்னால் உதைக்குமே, அந்தக் கணக்குதான். வாய் இல்லாமல் இறுக்கிக் கட்டினால் வாயு உறையைக் கிழிச்சுக்கிட்டு வெளியே வரும். அதுதான் வெடி. இப்போ வெடிகளில் அலுமினியத் தூள் சேர்த்தாலும் அடிப்படை இதேதான்.

இனி கதைக்கு வருவோம். நம்ம ஊர்ப் பெயரில் இருக்கிற நவாப் முகமது அலி வாலாஜா கும்பினியின் கூட்டாளி. ரெண்டு பேருக்கும் எதிரி மைசூர் ஹைதர் அலி. 1780-ல் அவர் படையோடு இந்தப் பக்கம் இறங்கினார். காஞ்சிபுரத்தில் இருந்த ஹெக்டர் மன்றோவின் படையோடு சேர, கர்னல் பெய்லி சுமார் 3,800 பேரோடு வடக்கேயிருந்து வந்தார். செப்டம்பர் 10-ம் தேதி புள்ளலூரில் திப்புவும் ஹைதரும் அவரை வளைச்சுட்டாங்க.

மைசூர்க்காரர்களின் வாணத்துக்கு இரும்புக் குழாய். காகிதம், மூங்கில் தாங்காத அழுத்தத்தை இரும்பு தாங்கும். அதனால் ஒரு கிலோமீட்டருக்கு மேலேயும் பாயும். நேராகப் போக நீள மூங்கில் கழி. நம்ம ராக்கெட்டில் இருக்கிற குச்சிக்கும் அதே வேலைதான். சண்டையின் நடுவில் பெய்லியின் வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறின. வாணம் பட்டதா, பீரங்கிக் குண்டு பட்டதா என்று எழுதினவர்கள் ரெண்டு விதமாகச் சொல்கிறார்கள். எப்படியோ, சுட மருந்தில்லாமல் பெய்லி சரணடைந்தார். சேதி தெரிந்த மன்றோ, பெரிய பீரங்கிகளைக் காஞ்சிபுரத்துக் குளத்தில் தள்ளிவிட்டு செங்கல்பட்டு வழியாகச் சென்னைக்குத் திரும்பினார். பெய்லி 1782-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சிறையில் செத்தார். அந்த ஊர் தரியா தௌலத் மாளிகைச் சுவரில், மருந்து வண்டி வெடிப்பதை நடுவில் வைத்து இந்தச் சண்டையைத் தீட்டியிருக்காங்க.

1799-ல் திப்பு வீழ்ந்த பிறகு அந்த வாணங்கள் இங்கிலாந்து போயின. வில்லியம் காங்கிரீவ் அவற்றைப் பார்த்துப் புது ராக்கெட் செய்தார். 1807-ல் கோபன்ஹேகன் நகரத்தின் மேலே அதைத்தான் விட்டார்கள்.

1781 ஆகஸ்டில் அதே புள்ளலூரில் மறுபடியும் சண்டை. அதில் செத்த ரெண்டு வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு அங்கே நினைவுத் தூண் நிக்குது. பெய்லி படையில் பெரும்பகுதி நம்ம நாட்டுச் சிப்பாய்கள். அவங்க பேர் சொல்ல ஒரு கல் இல்லை.

2023 மார்ச் 22-ல் காஞ்சிபுரம் பக்கத்துக் குருவிமலையில் பட்டாசு ஆலை வெடித்து, கூலிக்குப் போன பலர் செத்துப்போனாங்க. 1780-ல் மருந்து வண்டி சொன்ன பாடம்தான். குழாயில் கைப்பிடி அளவு இருந்தால் அது வாணம். ஒரே இடத்தில் குவிச்சு வெச்சால், ஒரு பொறி போதும், பக்கத்தில் நிக்கிறவன் யார் என்று அது பார்க்காது.

பசங்க கையில் ராக்கெட்டைக் கொடுக்கும்போது இந்தக் கதையையும் சொல்லிக் கொடுங்க. மிச்சப் பட்டாசுப் பெட்டியைப் பத்தடி தள்ளி வைக்கவும் சொல்லுங்க.