வகுப்பறை இயற்கை ஒளி: வள்ளூர் வட்டாரம்

விளக்குப் போடாமல் படிக்கவும் எழுதவும் பலகையைப் பார்க்கவும் போதிய பகல் வெளிச்சம், கண் கூசாமல் கிடைக்கும்படி வகுப்பறையை அமைப்பது இயற்கை ஒளியமைப்பு. திருவள்ளூர் மாவட்டம் மீஞ்சூரை அடுத்த வள்ளூர், 1,500 மெகாவாட் அனல்மின் நிலையத்தால் பெயர் பெற்ற ஊர். வெயிலுக்குப் பஞ்சமில்லாத இந்த வட்டாரத்தில், அதை அறைக்குள் எந்த வழியாக, எவ்வளவு விடுவது என்பதுதான் சிக்கல்.

பகல் ஒளிக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 2440, வெளியே வானொளி 8,000 லக்ஸ் என்று வைத்துக் கணக்கிடுகிறது. வகுப்பறை மேசைக்கு அதில் குறைந்தது 1.9 விழுக்காடு, அதாவது ஏறத்தாழ 150 லக்ஸ் வர வேண்டும். வெக்கையும் ஈரமும் மிகுந்த பகுதிகளில் ஜன்னல் பரப்பு தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்கு இருக்க வேண்டும் என்கிறது தேசியக் கட்டட விதித்தொகுப்பு. 20 அடிச் சதுர அறையில் நாலடிச் சதுர ஜன்னல்கள் நான்கு வைத்தாலும் இந்த அளவுக்குச் சற்றுக் குறையும்.

பரப்பைவிட முக்கியமானது இடம். மேசை மட்டத்திலிருந்து ஜன்னலின் மேல்விளிம்பு எவ்வளவு உயரமோ, அதைப்போல் இரண்டு, இரண்டரை மடங்கு தொலைவு வரைதான் ஒளி பயனுள்ள அளவில் எட்டும். ஒரே பக்கம் ஜன்னல் வைத்த அறையில் எதிர்ச்சுவரோரப் பிள்ளைகள் இருட்டில்தான் இருப்பார்கள். இருபுறமும் வைத்தால் காற்றும் ஓடும். இடக்கையால் எழுதும் பிள்ளையின் நோட்டிலும் கைநிழல் அவ்வளவாக விழாது. பலகையை ஒட்டிய ஜன்னலோ தொல்லை: எதிர்மூலையில் இருப்பவருக்குப் பலகையின் ஒரு பகுதி பளபளத்து எழுத்து மறைந்துவிடும்.

வள்ளூர் ஏறத்தாழ 13 பாகை வடக்கில் உள்ளது. ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் சூரியன் நேர் உச்சிக்கு வரும். இடைப்பட்ட மாதங்களில் நண்பகல் வெயில் வடபுறத்திலிருந்து விழும். டிசம்பரில் நண்பகல் சூரியன் தென்புறம் 53 பாகை உயரத்துக்குச் சாய்கிறது. அப்போது இரண்டடி சன்ஷேடு, நாலடி ஜன்னலில் மேல் மூன்றில் இரண்டு பங்கைத்தான் மறைக்கும். தாழ்ந்து வரும் மேற்கு வெயிலுக்குச் சன்ஷேடு உதவாது. வராந்தாவோ புங்கமரமோ தேவை. எனவே நீண்ட சுவர்கள் வடக்கும் தெற்கும் நோக்குவதே நல்லது.

1999இல் கலிபோர்னியாவின் கேபிஸ்ட்ரானோ பள்ளிகளில் நடந்த ஆய்வு, ஒளி மிகுந்த வகுப்புகளில் பிள்ளைகள் கணக்கில் 20 விழுக்காடு வேகமாக முன்னேறியதாகச் சொன்னது. 2003இல் அதே மாநிலத்தின் ஃப்ரெஸ்னோவில் செய்த அடுத்த ஆய்வில் அந்த முடிவு அப்படியே கிடைக்கவில்லை. கண்கூச்சம் படிப்பைக் கெடுப்பதும், ஜன்னலுக்கு வெளியே நல்ல காட்சி தெரிவது உதவுவதும் அதில் வெளிப்பட்டன. பெரிய ஜன்னல் வைத்தால் போதும் என்போர் இரண்டாவது ஆய்வை மறந்துவிடுகிறார்கள்.

மீஞ்சூர், கும்மிடிப்பூண்டி போன்ற தொழிற்பகுதிகளில் லாரித் தூசிக்காகவும், வடகிழக்குப் பருவமழையில் சாரலுக்காகவும் ஜன்னலைச் சாத்த நேரும். கதவு இரும்புத்தகடு என்றால் பகலிலேயே டியூப்லைட் எரிய வேண்டும். மேற்பாதிக்குக் கண்ணாடி போடலாம். ஆனால் தூசி படிந்தால் அதுவும் மங்கும், அடிக்கடி துடைக்க ஆள் வேண்டும். கூரையின் உட்புறத்துக்கு ஆண்டுதோறும் வெள்ளையடிப்பது இதைவிடச் செலவு குறைந்த வழி: உள்ளே வந்த ஒளி அதில் பட்டுத் திரும்பிப் பின்வரிசை வரை பரவும்.