தகடூர்ப் பாடல்களில் இசையும் காலமும்

சங்ககாலப் பண்கள் சிலவற்றின் பெயர்கள் நமக்குக் கிடைத்துள்ளன; அவை ஒலித்த முறை கிடைத்திலது. ஆதலின், அக்கால இசை காலத்தின் செலவை எவ்வாறு உணர்த்திற்று என ஆராய்வார் பண்ணின் பெயரளவில் நின்றுவிடுதல் இயல்பு. தகடூர் அதியமான் மரபினரைப் பற்றிய இரு புறப்பாடல்கள் அதற்கு அப்பாலும் செல்ல வழி காட்டுகின்றன. 1965-ஆம் ஆண்டு சேலத்தினின்று பிரிந்து தனி மாவட்டமான தருமபுரியின் தலைமை நகரே பண்டைத் தகடூராகும்.

தொல்காப்பியர் பொழுதை முதற்பொருளாகவும், பறையையும் யாழையும் கருப்பொருளாகவும் வகுத்தார். காலைக்கு மருதம், மாலைக்குச் செவ்வழி எனப் பண்ணும் பொழுதும் இயைந்து நின்றன. நள்ளியின் கொடை மிகுதியால் பாணர் இம்முறை மறந்து மாற்றிப் பாடினர் என வன்பரணர் கூறுதலே (புறம். 149) அம்முறை நிலைபெற்றிருந்தமைக்குச் சான்றாகும்.

அதியமான் மகன் பொகுட்டெழினியின் நெடுவாயிலில், பனி பெய்யும் விடியலில் கிணை கொட்டி நின்றதாக ஔவையார் பாடுகின்றார் (புறம். 392). விடியல்தோறும் அரசவாயிலில் எழும் அவ்வொலி, நாளும் மீண்டு வரும் பொழுதை உணர்த்துவது.

அதியமான் நெடுமான் அஞ்சி இறந்தபின் அவர் பாடிய கையறுநிலையோ (புறம். 235) மீளாக் காலத்தைப் பற்றியது. அவன் கள் அளித்தமை, சோறு பகிர்ந்தமை, போர்முனையில் நின்றமை, புலவர் தலையைத் தடவியமை ஆகியவற்றை அடுக்கும் ஏழு தொடர்களும் 'மன்னே' என முடிகின்றன. மன் என்னும் இடைச்சொல்லுக்குக் கழிவு, ஆக்கம், ஒழியிசை எனத் தொல்காப்பியர் மூன்று பொருள் கூறினார். உரையாசிரியர் கழிவுக்குக் காட்டும் எடுத்துக்காட்டு இப்பாடலின் முதலடியே. ஈயும், உண்ணும், நிற்கும் என்னும் வினைகளை மட்டும் கேட்பின் அஞ்சி இன்னும் வாழ்வதாகவே தோன்றும். தொடர்ந்து வரும் 'மன்' அத்தோற்றத்தை நீக்குகின்றது. கேட்போர் அவனை ஏழு முறை பெற்று ஏழு முறை இழக்கின்றனர்.

ஒரே ஒலி மீண்டும் மீண்டும் வருதல் கிணைக்கும் இவ்வகவலுக்கும் பொது. முன்னதில் அது பொழுதின் வரவு. பின்னதில் வாழ்வின் கழிவு. பாடுவாரும் அற்ற நிலையைக் கூறி அப்பாடல் முடிவை நெருங்குதலும் இதனொடு பொருந்துகின்றது. பண் மறைந்ததாயினும், 1894-இல் உ. வே. சாமிநாதையர் பதிப்பித்த புறநானூற்றில் இவ்வொலியடுக்கு எஞ்சியுள்ளது. வாய்விட்டுப் படிப்பார் அதனை இன்றும் கேட்கலாம்.