யாரும் படுக்காத அறையில் ரெண்டு ராத்திரி

போன எபிசோட்ல சொன்ன மாதிரியே, நான் ஊர் சுத்திட்டு வந்துட்டேன். காரைக்குடி பக்கத்துல ஒரு கிராமம். அங்க நூறு வருஷத்துக்கும் மேல பழசான ஒரு செட்டிநாட்டு வீடு, இப்போ தங்கும் விடுதி. படுக்கையும் காலைச் சாப்பாடும் சேர்த்து வாடகை. பேர் சொல்லலை, விளம்பரம்னு நினைச்சுடுவீங்க.

எழும்பூர்ல பல்லவன் ஏறி ராத்திரி காரைக்குடி, அங்கிருந்து ஆட்டோ. தெருவுல இறங்கினா வெளிச்சமே இல்லை. ரெண்டு பக்கமும் கோட்டை மாதிரி வீடுகள், ஆனா ஜன்னல்ல விளக்கு எரியுறது மொத்தமே ரெண்டு மூணு வீட்லதான். வாசல்ல ஒரு பெரியவர் டார்ச்சோட நின்னார். வீட்டைப் பார்த்துக்கிறவர், அறுபத்தஞ்சு வயசு இருக்கும். "வாங்க தம்பி, ரயில் லேட்டோ?" என்று பையை வாங்கிக்கொண்டார். அவரை இந்த எபிசோட் முழுக்க அண்ணன்னே சொல்றேன்.

முகப்பைத் தாண்டி, அந்தப் பெரிய கதவைத் தாண்டி, வளவுக்குள்ள போனோம். வளவுன்னா நடுவுல வானம் பார்த்த முற்றம், சுத்தி பர்மா தேக்குத் தூண் வச்ச தாழ்வாரம், அதை ஒட்டி வரிசையா அறைகள். அதுல ஒண்ணுதான் எனக்கு. கதவு ரொம்பச் சின்னது, குனிஞ்சுதான் போகணும். உள்ள ஒரு கட்டில் போட்டா நடக்க இடமில்லை. வெளிச்சுவர்ல ஜன்னல்னு சொல்ல முடியாது, ஒரு துவாரம். இவ்வளவு பெரிய வீட்டைக் கட்டினவங்க படுக்குற அறையை மட்டும் ஏன் இப்படிக் கஞ்சத்தனமா கட்டினாங்க?

காலையில காபி குடிக்கும்போது அண்ணன்கிட்ட கேட்டேன். சிரிச்சுட்டார். "அது படுக்குறதுக்குக் கட்டுனதுன்னு யாரு சொன்னா?"

நான் போட்டு வச்சிருந்த பிளான் மொத்தமும் அந்த இடத்துல மாறிடுச்சு. நான் ஆத்தங்குடி கல், முட்டை வெள்ளைக்கரு கலந்த சுண்ணாம்புப் பூச்சு, பெல்ஜியம் கண்ணாடி, இத்தாலி சலவைக்கல் பத்திப் பேசலாம்னுதான் போனேன். அதெல்லாம் இருக்கு, அழகா இருக்கு, ரீல்ஸ்ல நீங்க பார்த்திருப்பீங்க. நான் அறையைப் பத்தியே பேசறேன்.

நகரத்தார் சமூகத்துல கல்யாணமான ஒவ்வொரு ஆணும் குடும்பத்தோட சேர்த்து ஒரு 'புள்ளி'. கோவில் வரி போட்டாலும் புள்ளிக்கு இவ்வளவுன்னுதான் கணக்கு. வீட்டுக்குள்ளயும் அதே கணக்குதான். ஒரு மகனுக்குக் கல்யாணம் ஆனா வளவுல அவனுக்கு ஒரு அறை. கூட்டுக் குடும்பம்னு நாம நினைக்கிறோம், ஆனா கூரைதான் ஒண்ணு. புதுசா கல்யாணம் ஆனவங்களை 'வேறு வச்சிருவாங்க'. தனி அடுப்பு, தனி வரவு செலவு. அப்போ அந்த அறை எதுக்கு? பொண்ணு கொண்டு வந்த சீர் சாமானுக்கு. வெள்ளி, பித்தளை, எவர்சில்வர், மரச்சாமான், பட்டு. கல்யாணத்தன்னைக்குப் பரப்பி வச்சுக் காட்டிட்டு, இந்த அறைக்குள்ள வச்சுப் பூட்டிடுவாங்க. புதுசுல தம்பதி அங்க இருப்பாங்கதான். மத்த நாள்ல ஆம்பளைங்க முகப்புலயும் திண்ணையிலயும், பெண்களும் பிள்ளைகளும் தாழ்வாரத்துலயும் ரெண்டாம் கட்டுலயும் படுத்துக்குவாங்க. நான் வாடகை கொடுத்துப் படுத்தது ஒரு லாக்கர் ரூம்ல, மக்களே.

சரி, அந்த அறைக்குச் சொந்தக்காரன் எங்க இருந்தான்? பாதி நேரம் ஊர்லயே இல்லை. பர்மாவுல இருந்தான்.

1852-ல கீழ் பர்மா பிரிட்டிஷ்காரங்க கைக்குப் போச்சு. 1869-ல சூயஸ் கால்வாய் திறந்தது. ஐராவதி டெல்டால அதுவரைக்கும் பெரும்பாலும் காடும் சதுப்பும்தான். அரிசிக்கு உலகச் சந்தை கிடைச்சதும் பர்மிய விவசாயிகள் காட்டை வெட்டி வயலாக்க ஆரம்பிச்சாங்க. மாடு வாங்க, ஆள் கூலி கொடுக்க, அறுவடை வரைக்கும் சாப்பிட, எல்லாத்துக்கும் கடன் வேணும். ஐரோப்பிய பேங்க் சின்ன விவசாயிக்குக் கொடுக்காது. செட்டியார் கொடுப்பார். அதுவும் உள்ளூர் வட்டிக்காரங்களைவிடக் குறைஞ்ச வட்டிக்கு.

ஒவ்வொரு கடைக்கும் ஊர்லேருந்து ஆள் போவாங்க. மேலாள், அடுத்தாள், கடைசியில பெட்டியடிப் பையன். பெரும்பாலும் மூணு வருஷக் கணக்கு. மனைவியைக் கூட்டிட்டுப் போற வழக்கம் கிடையாது. மூணு வருஷம் அங்க, கணக்கு முடிச்சு ஊருக்கு வந்து கொஞ்ச நாள், திரும்பக் கப்பல். அதனால இந்த அரண்மனைகள்ல வருஷம் முழுக்க உண்மையில வாழ்ந்தது ஆச்சிமார்தான். இடுப்புல சாவிக்கொத்து, கையில கணக்கு நோட்டு. மழை பெய்ஞ்சா நாலு பக்க ஓட்டுச் சரிவிலேருந்தும் தண்ணி முற்றத்துல விழும். அண்டா வச்சுப் பிடிச்சுக்குவாங்க, மிச்சம் ஊருணிக்குப் போகும். வறண்ட பூமி இது, தண்ணியைக்கூட எண்ணித்தான் செலவு பண்ணணும்.

1929-30-ல பர்மாவுல ஒரு வங்கி விசாரணைக் கமிட்டி போட்டாங்க. செட்டியார்கள் அங்க போட்டிருந்த முதல் சுமார் 75 கோடி ரூபாய்னு அந்தக் கமிட்டி மதிப்பிட்டது. அன்னைய 75 கோடி! நான் அண்ணாந்து பார்த்துட்டிருந்த தேக்குத் தூண் அந்தப் பணத்துலேருந்துதான் வந்தது.

அதே சமயத்துலதான் உலகப் பொருளாதாரம் கவிழ்ந்தது. நெல் விலை பாதிக்கும் கீழ போச்சு. கடன் ரூபாய்ல இருக்கு, வருமானம் நெல்லுல இருக்கு. விவசாயியால கட்ட முடியலை. அடமானம் வச்ச நிலம் கடைக்காரர் பேருக்கு மாறுச்சு. 1930-ல கீழ் பர்மாவோட முக்கியமான 13 நெல் மாவட்டங்கள்ல செட்டியார்கள் கையில இருந்த நிலம் 6 சதவீதம். 1938-ல 25 சதவீதம். எட்டே வருஷம், நாலுல ஒரு பங்கு நிலம்.

இதைச் சொல்லும்போது ரெண்டு பக்கமும் பார்க்கணும். செட்டியார்கள் நிலத்தை விரும்பி எடுக்கலை. அவங்க தொழில் பணத்தைச் சுத்த விடுறது, நிலத்துல மாட்டினா முதல் முடங்கிடும். வரலாற்று ஆய்வாளர்கள் பலரும் இதை ஒத்துக்கிறாங்க. ஆனா தாத்தா காடு வெட்டி உண்டாக்கின வயல்ல பேரன் குத்தகைக்காரனா நிக்கும்போது, அவனுக்கு இந்த விளக்கத்தால என்ன பிரயோஜனம்? இந்தியர்கள் மேல அங்க வளர்ந்த வெறுப்புக்கு இது ஒரு பெரிய காரணம். நம்ம ஊர் டூர் கைடுகள் பர்மா தேக்குன்னு சொல்லுவாங்க, பர்மா நெல்னு சொல்ல மாட்டாங்க. எனக்கு அது உறுத்துது.

1941 டிசம்பர்ல ஜப்பான் ரங்கூன்ல குண்டு போட்டது. நாலு அஞ்சு லட்சம் இந்தியர்கள் பர்மாவை விட்டுக் கிளம்பினாங்க. வசதி இருந்தவங்களுக்குக் கப்பல், சிலருக்கு விமானம். மத்தவங்க மலையும் காடும் தாண்டி நடந்தாங்க. மலேரியா, காலரா, பசி. வழியில செத்தவங்க பல்லாயிரம் பேர்.

இதை நான் அண்ணன்கிட்ட ஏதோ புத்தகத்துல படிச்ச மாதிரி சொல்லிட்டிருந்தேன். அவர் டம்ளரைக் கழுவிக்கிட்டே சொன்னார், "எங்க அய்யா அப்படித்தான் தம்பி வந்தாரு."

அவரோட தாத்தா ரங்கூன்ல ஒரு கடையில சமையல்காரர். முதலாளி வீட்டுக்காரங்க கப்பல்ல வந்துட்டாங்க. இவருக்கு டிக்கெட் கிடைக்கலை. நடந்து அசாம் வந்து, ரயில் பிடிச்சு ஊர் சேர்ந்தப்போ வீட்ல காரியமே பண்ணி முடிச்சிருந்தாங்களாம். "கோவம் இல்லையாண்ணே?" என்று கேட்டேன். "யாரு மேல? திரும்ப வந்ததும் இதே வீட்லதான் அடுப்பு பத்த வச்சாரு." அதுக்கு மேல அவர் பேசலை, நானும் கேட்கலை.

மீதிக் கதை சீக்கிரம் முடிஞ்சிடும். 1948-ல சுதந்திர பர்மா நிலத்தைத் தேசிய உடைமையாக்கச் சட்டம் கொண்டு வந்தது. நே வின் ஆட்சியில 1963-64-ல பேங்க், கடை எல்லாம் அரசாங்கத்துக்குப் போச்சு. அப்போ வந்த அகதிகள்தான் சென்னையில பர்மா பஜார் போட்டாங்க. அத்தோ சாப்பிடுறீங்களே, அந்த வழிதான்.

பணம் வர்றது நின்னுது, ஆனா வீடு நிக்குது. மூணு தலைமுறையில ஒரு வீட்டுக்கு ஐம்பது பங்கு, நூறு பங்கு. விக்கணும்னா எல்லாரும் கையெழுத்துப் போடணும், ரிப்பேர் பண்ணணும்னா எல்லாரும் காசு போடணும். சில வீடுகள் பிரிக்கப்பட்டு, தூணும் கதவும் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகள்ல நிக்குது. சில வீடுகள் பூட்டியே கிடக்கு. 2014-ல யுனெஸ்கோவோட உத்தேசப் பட்டியல்ல செட்டிநாட்டு ஊர்கள் சேர்ந்தது, ஆனா பட்டியல் ஒரு ஓட்டைக்கூட மாத்தித் தராது. விடுதி வாடகைதான் மாத்தித் தருது. அதனால இந்த விடுதிகளைக் கிண்டல் பண்ண எனக்கு மனசு வரலை. நான் படுத்த அறைக்கு மேல புது ஓடு போட்டிருக்காங்க, ஒழுகலை.

என் அறைக்குப் பக்கத்து அறை மட்டும் விடுதியில சேரலை. பெரிய பித்தளைப் பூட்டு. அந்தப் பங்குக்காரங்க மலேசியாவுல இருக்காங்களாம், விடுதிக்குச் சம்மதிக்கலை. ஆனா குடும்பத்துல கல்யாணம்னா இங்கதான் வரணும். அந்த வாரம் எங்களை மாதிரி ஆளுங்களுக்கு புக்கிங் கிடையாது. உள்ள என்ன இருக்குன்னு கேட்டேன். "சாமான்தான் தம்பி. அவங்க ஆச்சி கொண்டு வந்தது. நான் பூட்டுக்கு எண்ணெய் விடுறதோட சரி."

உங்க வீட்ல யாராவது பர்மாவுலேருந்து நடந்து வந்தவங்க இருந்தா, அவங்க குரல்லயே ரெக்கார்ட் பண்ணி வாய்ஸ் நோட் அனுப்புங்க. முதலாளி வீட்டுக் கதையா இருந்தாலும் சரி, சமையல்காரர் வீட்டுக் கதையா இருந்தாலும் சரி. அடுத்த எபிசோட்ல அதையே போடலாம்.