ட்ரோஜன்

கணினி பழகியவர்களுக்கு இது ஒருவகைத் தீநிரலின் பெயர். வானியலில் இச்சொல்லுக்கு அதைவிட வயது அதிகம். ட்ராய் நகரத்தார் என்பதே நேர்ப்பொருள்.

1906-இல் ஹைடல்பர்க்கில் மாக்ஸ் வோல்ஃப், வியாழனின் பாதையிலேயே அதற்கு ஏறத்தாழ 60 பாகை முன்னால் ஓடும் சிறுகோள் ஒன்றைக் கண்டார். அதற்கு அக்கிலீஸ் என்று பெயரிட்டார்கள். பிறகு கிடைத்தவற்றுக்கும் நெடுங்காலம் கிரேக்கக் காப்பியத்தின் ட்ராய்ப் போர் வீரர்களின் பெயர்களையே இட்டார்கள். முன்னே ஓடுபவை கிரேக்கர் பாசறை, பின்னே வருபவை ட்ராய்ப் பாசறை; இரண்டுக்கும் சேர்த்து ட்ரோஜன்கள் என்றே பெயர். இந்த வழக்கம் படிவதற்கு முன்பே பெயர் பெற்றுவிட்டதால், ட்ராயின் ஹெக்டர் இன்றும் கிரேக்கர் நடுவில்தான் சுற்றுகிறான். கிரேக்கனான பட்ரோக்ளஸ் எதிர்ப்பக்கத்தில்.

ஒரே பாதையில் ஓடியும் இவை கோளோடு மோதுவதில்லை. சூரியன், கோள், சிறுகோள் மூன்றும் சமபக்க முக்கோணமாக நிற்கும் சமநிலையை லக்ராஞ்சு 1772-லேயே கணக்கில் காட்டினார். அந்த இடத்திலிருந்து சற்று விலகினாலும் சிறுகோள் அதையே சுற்றிச் சுற்றி அலையும், தப்பி ஓடாது. ஆனால் ஒரு நிபந்தனை: கோளின் நிறை விண்மீனுடையதில் சுமார் இருபத்தைந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. வியாழனோ சூரியனில் ஆயிரத்தில் ஒரு பங்குதான்.

ஆகவே பிற விண்மீன்களின் கோள்களுக்கும் ட்ரோஜன்கள் இருக்க இடமுண்டு. 2023-இல் சிலியிலுள்ள அல்மா தொலைநோக்கியின் பதிவுகளில், பி.டி.எஸ். 70 பி என்னும் இளங்கோளின் பாதையில் தூசுத்திரள் ஒன்றின் தடயம் தென்பட்டது. அது இன்னும் உறுதியாகவில்லை.

தமிழில் ட்ரோஜன்களை 'உடனோடிகள்' என்றழைக்கலாம் என்பது என் கட்சி.