பத்தமடைக்குப் போகும் கோரை

சேரன்மகாதேவியில் தாமிரபரணியின் ஈரக்கரையில் நாணலும் சம்பும் கோரையும் கலந்து நிற்கும். நாணலை விரலால் தடவினால் கணு தட்டும். சம்புக்குப் பட்டையான இலை. கோரை கணுவே இல்லாமல் ஓங்கி நிற்கும். உருட்டினால் மூன்று விளிம்பு தெரியும். இதுவரை எளிது. கோரைக்குள் கோரை பிரிப்பதுதான் கடினம்.

டென்மார்க் தாவரவியலர் ராட்புல் 1773-இல் ஒரே நூலில் சைபரஸ் பங்கோரி, சைபரஸ் கோரிம்போசஸ் என இரண்டு கோரை இனங்களுக்குப் பெயரிட்டார். பத்தமடை ஊரில் முடையும் பாயின் கோரை இவற்றில் எது என்று கேட்டால் சில நூல்கள் முதல் பெயரையும் சில நூல்கள் இரண்டாவதையும் சொல்கின்றன. கதிரையும் விதையையும் பார்த்து இவற்றைப் பிரிக்கலாம். அறுத்துக் கட்டும்போதோ கதிர் போய்விடுகிறது. பத்தமடை வந்து சேர்வது தண்டு மட்டும்.

அந்தத் தண்டைச் சவரத் தகட்டால் குறுக்கே மெலிதாகச் சீவி, சாஃப்ரனின் சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் வைத்தால், தோலுக்கு அடியில் நார்க்கற்றைகள் சிவந்து வரிசை கட்டி நிற்கும். உள்ளே காற்றறைகளோடு வெளுத்த சோறு. நார்க்கற்றைக்கு நேர் மேலே உள்ள தோல் செல்களில் கூம்பு கூம்பாகச் சிலிக்கா. கோரைக் குடும்பத்தின் முத்திரை அது. லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்தில் பணியாற்றிய மெட்காஃப் 1971-இல் இந்தக் குடும்பத்தின் உள்ளமைப்புக்கென்றே ஒரு பெருநூல் வெளியிட்டார். காற்றறையை மட்டும் நம்பி இனம் சொல்லக் கூடாது. தண்ணீரில் நிற்பதற்கும் கரையேறி நிற்பதற்கும் தக்கபடி அதன் அளவு மாறும். நார்க்கற்றையின் அடுக்கும் சிலிக்காவின் வடிவமும் அவ்வளவு எளிதில் மாறுவதில்லை.

பாய் முடைபவர் கத்தியும் இதே இடத்துக்குத்தான் வருகிறது. தண்டை நீளவாக்கில் கிழித்து, சோற்றை வழித்து எறிந்து, தோலையும் நாரையும் வைத்துக்கொள்கிறார்கள். கணு இல்லாததால் கீறல் தடையின்றி ஓடுகிறது. பட்டுப் பாய் எனப்படும் நுண்ணிய பாய்க்கான மெல்லிய கீற்று பல நாள் ஓடும் நீரில் ஊறி, காய்ந்து, பருத்திப் பாவில் ஏறுகிறது. ஆக, தண்டில் இனத்தைக் காட்டிக்கொடுக்கும் பகுதி முழுவதும் பாயிலேயே தங்கிவிடுகிறது. பழம்பாயில் உதிர்ந்த கீற்றை ஊறவைத்துச் சீவினாலும் நார்க்கற்றையைப் பார்க்கலாம்; சிலிக்கா மக்குவதில்லை.

பத்தமடைப் பாய்க்குப் புவிசார் குறியீடு உண்டு; ஆகவே அதன் கோரையைச் சரிபார்க்க ஒரு வழி வேண்டும். இந்த ஆற்றங்கரைக் கோரையைக் கதிரோடு பறித்து, இனத்தை உறுதிசெய்து, அதன் தண்டுச் சீவலைக் கண்ணாடியில் பதித்து நெல்லைக் கல்லூரி ஒன்றில் வைக்க வேண்டும். காவிரிக்கரை போன்ற வேறு இடத்துக் கோரைக்கும் அப்படியே செய்யலாம். பிறகு எந்தப் பாயின் கீற்றையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம்.